யாருக்கும் வீடு வேண்டாத ஊர்

அத்தியாயம் 5

"ஊரே சேர்ந்து பொய் சொல்லுமா பாஸ்?" என்று கேட்டான் வக்கீலம்மாவின் உதவியாளன் சோடாபுட்டி.

கார் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது அவன்தான் என்பதால் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோடாபுட்டியின் மூக்குக்கண்ணாடி கனத்தைப் பார்த்த எவரும் அவன் ஓட்டும் காரில் கண்ணைத் திறந்துகொண்டு வரமாட்டார்கள்.

"ஒருத்தன் பொய் சொல்வான், ரெண்டு பேர் ஒத்து ஊதுவாங்க. ஊர் பூரா ஒரே பொய்யைச் சொல்ற அளவுக்கு ஒத்துமை எந்த ஊர்லடா இருக்கு?"

"அப்போ நிஜமாவே யாருக்கும் வீடு வேண்டாமா?"

"அதைப் பின்சீட்டைக் கேளு."

பின்சீட்டில் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை யூனிஃபார்மின் மேல் பழைய ஸ்வெட்டர், மடியில் மருந்துப் பை. ஏரிக்கரை ஊரின் ஒரே நர்ஸ். கோர்ட்டில் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒழுங்கான பதில் கிடைக்குமா என்று பார்க்கத் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்ட வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்து வழக்கைக் கொடுத்தவள் அவள்தான். அதுவும் வீட்டுக்குத் தெரியாமல்.

வழக்கு இதுதான். ஊர் எல்லைக்கு வெளியே விளைநிலத்தில் யாரும் வீடு கட்டக்கூடாது என்பது சட்டம். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அந்த ஊரில் பிறந்தவர்களும் அங்கே வேலை செய்பவர்களும் குடியிருக்க இடமில்லாமல் தவிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பில் தெரிந்தால், அவர்களுக்கு மட்டும் கட்டலாம். அப்படிக் கட்டிய வீட்டை வெளியாளுக்கு விற்கவும் முடியாது. ஏரியை ஒட்டிய மேட்டு நிலத்தை அதற்காகவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். கணக்கெடுப்பும் நடந்தது. வீடு தேவைப்படுபவர் ஒருவரும் இல்லை என்று முடிவு வந்தது. மேட்டுக்கு மட்டும் விளைநிலத் தடையை ஏற்கெனவே நீக்கியிருந்ததால், ஒருவரும் இல்லையென்றால் அது விடுமுறை பங்களாக்களுக்குப் போய்விடும். கேட்டு வாங்கிக் கட்டுவதற்கு ஒரு பங்களாக்காரர் தயாராகக் காத்துக்கொண்டிருந்தார். இன்று மாலை பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். அதிகாரி கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது.

"எனக்கு வேற வழி தெரியல மேடம்," என்றாள் நர்ஸ். "கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆச்சு. நானும் அவரும் ஒரு நாள் கூட ஒரு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து பேசினதில்ல. அவ்வளவு ஆளு வீட்டுல. மேட்டுல வீடு வந்தா ஊர்லயே இருப்போம். இல்லன்னா டவுனுக்குப் போயிடலாம்னு அவர் முடிவே பண்ணிட்டார். இங்க என் வேலை இருக்கு. என்னை நம்பி ஊசி போட்டுக்கிற கிழவங்க இருக்காங்க. படுத்த படுக்கையா மாமனார் இருக்கார். எப்படி விட்டுட்டுப் போறது?"

"உங்க வீட்டுல யாரையாவது கேட்டீங்களா, கணக்கு எப்படி இப்படி ஆச்சுன்னு?"

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாரோ தில்லுமுல்லு பண்ணியிருக்காங்க மேடம். அதைக் கண்டுபிடிங்க, போதும்."

திட்ட அலுவலகம் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கணக்கெடுப்பு நடத்திய சர்வேக்காரனுக்கு வயது அதிகம் போனால் இருபத்தைந்து இருக்கும். மேசை மேல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தான். இவர்கள் யார் என்று தெரிந்ததும் அதை மூடிவிட்டான்.

சோடாபுட்டி நேராக விஷயத்துக்கு வந்தான். "பங்களாக்காரர் எவ்வளவு பழக்கம் சார்?"

"யாரு அவரு?"

"நடிக்காதீங்க சார். நான் எவ்வளவோ நடிப்பைப் பார்த்தவன். என் கண்ணாடி வழியா எல்லாம் பெருசாத் தெரியும்."

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?" என்றார் வக்கீலம்மா. பிறகு பையனிடம் திரும்பினார். "தம்பி, ஒவ்வொரு வீட்டுலயும் என்ன கேட்டீங்க?"

"எழுதிக் குடுத்த கேள்விதான் மேடம். இந்த வீட்டில் யாருக்காவது தனியாக வீடு தேவைப்படுகிறதா? அவ்வளவுதான். எல்லாரும் சிரிச்ச முகமா 'வேண்டாம்'னாங்க. நானே ஆச்சரியப்பட்டேன். ஒருத்தர் ரெண்டு பேராவது கேப்பாங்கன்னு நினைச்சேன். சத்தியமா நான் ஒரு எழுத்தைக் கூட மாத்தல."

அவன் குரல் உடைந்தது. இது அவனுடைய முதல் கணக்கெடுப்பு என்று பிறகுதான் சொன்னான். சோடாபுட்டிக்குச் சப்பென்று போய்விட்டது. முதல் அத்தியாயத்திலிருந்து அவன் சந்தேகப்பட்டு வந்த ஆள் இந்தப் பையன்தான். திருடன் முழி முழிப்பான் என்று பார்த்தால், பரீட்சையில் ஃபெயிலான பிள்ளை மாதிரி முழிக்கிறான்.

"என்னிக்குப் போனீங்க?"

"ஞாயித்துக்கிழமை. வார நாள்ல போறதாத்தான் இருந்தேன். ஊர்லேருந்து போன் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை வாங்க, அப்பத்தான் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, நானே கூட வர்றேன்னு சொன்னாங்க. பெரிய உதவியா இருந்துச்சு மேடம்."

"எங்க உக்காந்தீங்க?"

"ஹால்ல. எல்லா வீட்டுலயும் ரெண்டு நாற்காலி கொண்டாந்து போட்டாங்க."

"வீட்டு ஆளுங்க?"

"அவங்க நின்னாங்க."

வக்கீலம்மா முன்னால் சாய்ந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. 'வேண்டாம்'னு சொல்லும்போது அவங்க உங்க முகத்தைப் பார்த்தாங்களா?"

  பையன் கண்ணில் ஏதோ ஒன்று மெல்ல விளங்கி வருவதை சோடாபுட்டி பார்த்தான்.

"இல்ல மேடம். ஒருத்தர் கூடப் பார்க்கல. என் பக்கத்து நாற்காலியைத்தான்..."

"அதுல யாரு?"

கதவு திறந்தது. அவனுடைய மேலதிகாரி, டை கட்டிய பெரிய மனிதர், உள்ளே எட்டிப் பார்த்து, மாலையில் கூட்டத்தை வைத்துக்கொண்டு வெளியாட்களிடம் என்ன பேச்சு என்று சத்தம் போட்டார். பையன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கூட்டம் முடியும் வரை அவன் வாயைத் திறக்கக்கூடாதாம். பெரியவர் அவர்களைப் படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

"ரெண்டாவது நாற்காலி பங்களாக்காரரோட ஆளுதான் பாஸ்," என்றான் சோடாபுட்டி காரை எடுத்தபடி. "முறைச்சுப் பார்த்திருப்பான். பயந்துட்டாங்க. பந்தயம் கட்டறேன்."

"பயந்தவன் சிரிச்ச முகமா பதில் சொல்வானா?"

"நான் சொல்வேனே. தினம் வீட்டுல அதைத்தானே பண்றேன்?"

வக்கீலம்மா முதல் முறையாகக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். "உங்க வீட்டுல உங்கம்மா இருக்காங்க, உன் சம்சாரம் இருக்கா. யாரோ ஒரு ஆள் வந்து, உங்கம்மாவை வச்சுக்கிட்டே உன் சம்சாரத்துகிட்ட, தனிக்குடித்தனம் போக ஆசையாம்மான்னு கேட்டா என்ன ஆகும்?"

சோடாபுட்டி பிரேக்கை மிதித்தே விட்டான்.

"அந்த ஆளுக்கு உசுர் மேல ஆசை இல்லைன்னு அர்த்தம். என் சம்சாரம் 'ஐயையோ, அத்தைய விட்டுட்டு நான் எங்க போவேன்'னு சொல்வா. சிரிச்ச முகமா. அப்புறம் ராத்திரி எனக்கு இருக்கு கச்சேரி."

"அவ சொன்னது பொய்யா?"

சோடாபுட்டி காரை மறுபடி எடுத்தான். வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தான்.  நர்ஸ் ஊர் எல்லை வருவதற்கு முன்பே இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

ஊர் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஏரி, மரங்கள், கழுவித் துடைத்த தெரு. ஆனால் வக்கீலம்மாவோடு சேர்ந்து நடந்தால் அழகைப் பார்க்க முடியாது. ஒரே கொடியில் கைக்குழந்தைத் துணி தொடங்கிக் கிழவர் வேட்டி வரை காய்வதைக் காட்டினார். தெருமுனையில் நின்ற லாரியை எட்டிப் பார்க்கச் சொன்னார். சோடாபுட்டி படியில் ஏறிப் பார்த்தான். சீட்டில் தலையணை, கண்ணாடிக்குக் கீழே பல் துலக்கும் பிரஷ், ஒரு பெண்ணின் சீப்பு.

"டிரைவர் தூங்கறான் சரி. சீப்பு யாருது?"

"அதான்டா. கல்யாணமானவன்."

சலூனில் ஆள் இல்லை. சவரக்காரர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுப்பதற்காக சோடாபுட்டியை நாற்காலியில் உட்கார வைத்தார் வக்கீலம்மா. கண்ணாடியைக் கழற்றியதும் அவனுக்கு உலகம் கரைந்துபோனது. சவரக்காரர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். அது சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது, கால் பக்கம் ஒரு பலகை நீண்டது. கடைசியில் சவரம் செய்துகொள்ள வந்தவன் மல்லாந்து படுத்துக் கிடந்தான்.

"அண்ணே, சவரம்தானே கேட்டேன்? ஆபரேஷனா?"

"மன்னிச்சுக்குங்க சார், பழக்க தோஷத்துல முழுசா சாய்ச்சிட்டேன்." சவரக்காரர் வெட்கத்தோடு சிரித்தார். "அண்ணனுக்குக் கல்யாணமானதுல இருந்து இதுதான் நமக்குக் கட்டில். பலகை நானே அடிச்சது."

"இதைச் சர்வேக்காரர்கிட்ட சொல்லலையா?" என்றார் வக்கீலம்மா.

"எப்படிம்மா சொல்றது? அண்ணி நிக்கறாங்க. எனக்கு இடமில்லன்னு சொன்னா, நான் வந்துதானே உனக்கு இடமில்லாமப் போச்சுன்னு அவங்க மனசு கஷ்டப்படாதா? நல்லவங்கம்மா அவங்க. அதோட, பக்கத்துல..." நிறுத்திவிட்டார்.

"பக்கத்து நாற்காலியில யாரு?"

கத்தி சோடாபுட்டியின் தொண்டையில் நின்றது. அந்த இடத்தில் நின்ற கத்தி பதில் சொல்லும் வரை நகராது போலிருந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, சொல்லிடுங்க. எனக்காகவாவது சொல்லிடுங்க."

"தலைவரம்மா," என்றார் சவரக்காரர் மெதுவாக. "எங்க ஊர்த் தலைவர். தங்கமான மனுஷி. மூணு புள்ளைங்க, மூணு மருமக, ஒரே கூரைக்குக் கீழ வச்சுக் காப்பாத்தறாங்க. ஊர்ல எந்த வீட்டுலயாவது சண்டை வந்து பிரியப்போறோம்னு ஆரம்பிச்சா, அவங்க போய் உக்காந்தாப் போதும், சரியாயிடும். அப்படிப்பட்டவங்க எதிர்ல, எனக்குத் தனி வீடு வேணும்னு யாரு சொல்வாங்க?"

"அவங்க வீடு எது?"

"அதோ, கம்பிக்கேட்டு. நம்ம நர்ஸம்மாவோட மாமியார்தானே."

சோடாபுட்டி பாதிச் சவரத்தோடு எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

தலைவரம்மா அவர்களை வாங்க என்று உள்ளே அழைத்தார். உயரமான அம்மாள், இழுத்து முடிந்த கொண்டை, சத்தமில்லாத நடை. ஹாலில் கட்டில் போட்டு ஒரு பெரிய உருவம் படுத்திருந்தது. நர்ஸின் மாமனார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டவர். பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் வந்தவர்களைப் பின்தொடர்ந்தது. தலைவரம்மா அவர் வாயைத் துடைத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி போன் பண்ணது நீங்கதானே?"

"ஆமா."

"ஒவ்வொரு வீட்டுக்கும் கூடப் போனீங்க."

"போனேன். யாரையும் பொய் சொல்லுன்னு சொல்லல. யாரையும் மிரட்டல. சும்மா உக்காந்திருந்தேன். உக்காந்தது குத்தமா?"

இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பிரிவு இருக்கிறது என்று சோடாபுட்டி யோசித்துப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. குற்றவாளி கையும் களவுமாக எதிரில் நிற்கிறார், ஆனால் குற்றத்தைக் காணோம்.

"எதுக்கும்மா?" என்றார் வக்கீலம்மா.

தலைவரம்மா கட்டிலைக் காட்டினார். "இவரைப் பாருங்க. காலைல எழுப்பி உக்கார வைக்க மூணு பேர் வேணும். மூணு புள்ளைங்க. நான் ஒருத்தியா தூக்க முடியுமா? மேட்டுல வீடு வந்தா ஒவ்வொருத்தனா போயிடுவான். இந்த வீட்டுல ஒண்ணு போனா மத்ததும் போயிடும். ஊர்லயும் அப்படித்தான். வீட்டைக் கட்டி வச்சுக்கிட்டு, பிரிஞ்சு போக யாருக்காவது ஆசையா, வாங்க வாங்கன்னு கவர்மென்ட்டே கூப்பிடுது. நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

"மேட்டுல வீடு கிடைச்சா தெருவைத் தாண்டித்தான் போவாங்க. கிடைக்கலன்னா ஊரைத் தாண்டிப் போவாங்க."

"என் புள்ளைங்க எங்கயும் போக மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து, கடைக்குப் போயிருந்த மூன்றாவது பிள்ளை, நர்ஸின் கணவன், உள்ளே வந்தான். வந்ததும் கைகழுவிவிட்டு அப்பாவின் தலைப்பக்கம் போய் நின்றான். மற்ற இரண்டு அண்ணன்களும் உள்ளறைகளிலிருந்து வந்தார்கள். மூவரும் சேர்ந்து அந்தப் பெரிய உடம்பைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைத்தார்கள். சோடாபுட்டி பார்த்துக்கொண்டிருந்தான். இந்த அம்மாள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தான்.

"பாருங்க," என்றார் தலைவரம்மா பெருமையோடு. "மில்லுல நைட் ஷிப்ட் இவனுக்கு. ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டு, விடிஞ்சதும் நேரா இங்கதான் வருவான். சாயங்காலம் வரைக்கும் அப்பாவை விட்டு நகர மாட்டான்."

"நைட் ஷிப்ட் பார்த்தவர் மாதிரியே இல்லையே," என்றான் சோடாபுட்டி சிரித்துக்கொண்டே. "மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாதிரி பளிச்னு இருக்கார். என் சம்சாரம் ஒரு ராத்திரி தும்மினாலே மறுநாள் என் மூஞ்சி இஞ்சி மாதிரி ஆயிடும்."

கணவன் சிரிக்கவில்லை. சமையலறைக் கதவோரம் நின்ற நர்ஸும் சிரிக்கவில்லை. சோடாபுட்டிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை.

வெளியே வந்ததும் நர்ஸ் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வருவது போல் அவர்கள் பின்னால் வந்தாள்.

"நீயும் வேண்டாம்னுதானேம்மா சொன்ன?" என்றார் வக்கீலம்மா.

நர்ஸ் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில்தான் பேசினாள். "ஆமா மேடம். அத்தை பக்கத்துல உக்காந்திருந்தாங்க. இங்க எங்களுக்கு என்ன குறைன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னது நான்தான். என் வாயை நானே அடிச்சுக்கணும்."

"அப்புறம் ஏன் எங்களைத் தேடி வந்த? தில்லுமுல்லுன்னு சொன்ன?"

"நான் ஒருத்திதான் பயந்துட்டேன்னு நினைச்சேன். மத்தவங்கள்ல யாராவது 'வேணும்'னு சொல்லியிருப்பாங்க, அதை யாரோ அடிச்சுட்டாங்கன்னு நினைச்சேன். ஊர்லயே நான் ஒருத்திதான் கோழைன்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் என்னை மாதிரியேவா மேடம்?"

"எல்லாரும்தான்."

"அப்போ சாயங்காலம் கூட யாரும் எந்திரிச்சு சொல்ல மாட்டாங்க. அத்தை முன்வரிசையில இருப்பாங்க."

வக்கீலம்மா திரும்பி, தெருமுனையில் நின்ற லாரியைப் பார்த்தார்.  

பள்ளிக்கூட ஹாலில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் டை கட்டிய பெரிய அதிகாரி. பக்கத்தில் ஃபைலோடு சர்வேக்காரப் பையன். பங்களாக்காரர் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அவர்மேல் பந்தயம் கட்டியதற்காக சோடாபுட்டி மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

அதிகாரி முடிவை வாசித்தார். தேவை இல்லை. "இதுல யாருக்காவது ஆட்சேபணை உண்டா? தனி வீடு வேணுங்கறவங்க இருந்தா இப்பவே எந்திரிச்சுச் சொல்லலாம்."

ஹாலில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்," என்று எழுந்தார் வக்கீலம்மா. "கேள்வியைத் தப்பாக் கேக்கறீங்க சார். யாருக்கு என்ன வேணும்னு கேட்டா, குடும்பத்தைப் பத்தி யாருக்கும் வாய் வராது. வேற ஒண்ணு கேட்டுப் பாருங்க. நேத்து ராத்திரி நீங்க எங்க படுத்தீங்க? அவ்வளவுதான். இதுல குடும்பத்தைக் குறை சொல்ல என்ன இருக்கு?"

"இதெல்லாம் விதியில இல்லம்மா."

"இருக்கு சார்!" சர்வேக்காரப் பையன் எழுந்து நின்றுவிட்டான். குரல் நடுங்கியது. "குடியிருப்பு நிலையை நேரில் கேட்டறியலாம்னு இருக்கு. நான் கேக்கறேன் சார். நான்தான் சரியாக் கேக்காம வந்துட்டேன்."

 பையன் மேடையை விட்டு இறங்கி முதல் பெஞ்சுக்கு வந்தான்.

முதலில் மாட்டியவர் சவரக்காரர். "கடையில. நாற்காலியில," என்றார். ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். அவருடைய அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள், அவள் கண் நிறைந்துவிட்டது.

அடுத்தது லாரி டிரைவர். "லாரியில சார். சம்சாரமும்தான்." சிரிப்பு குறைந்தது. தையல்காரர் கடையில் வெட்டு மேசைக்கு அடியில். பால் பண்ணைக்காரரின் மகளும் மருமகனும் வைக்கோல் கொட்டகையில். பள்ளிக்கூட டீச்சர் எழுந்து, இந்த ஹாலில்தான் என்றாள், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாள் ஒரே தெருவில் இருந்தும் தெரியவில்லையே என்று பார்த்தார்கள்.

பையன் தலைவரம்மாவின் முன்னால் வந்து நின்றான். கேட்கத் தயங்கினான்.

"கேளுங்க தம்பி," என்றார் அவர். "நான் பொய் சொல்ற ஆள் இல்ல. சமையல்கட்டுல படுத்தேன். நானும் என் சின்ன மருமகளும். ரூம் ரெண்டும் பெரிய புள்ளைங்களுக்கு. ஹால் அவருக்கு. அதனால என்ன? மனசு இருந்தா இடம் இருக்கு." திரும்பி மூன்றாவது பிள்ளையைக் காட்டினார். "இவனுக்கு மில்லுல நைட் ஷிப்ட். எழுதிக்குங்க."

"இல்லம்மா," என்றான் அவன்.

"என்னடா இல்ல?"

"மில்லுல நைட் ஷிப்ட்டே கிடையாதும்மா. போன வருஷமே எடுத்துட்டாங்க. எனக்குச் சாயங்காலம் அரை ஷிப்ட்தான் இப்போ, இன்னிக்கு லீவு போட்டேன். டவுன்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, நாலு பேரோட சேர்ந்து ஒரு ரூம்ல படுக்கறேன்."

சோடாபுட்டி வக்கீலம்மாவைப் பார்த்தான். அவருக்கும் இது தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான் அந்த ஹாலில் இருந்தாள். மாமியாருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ராத்திரி ராத்திரியாக அதை மென்று விழுங்கியவள், குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

தலைவரம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளை ஒரே கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று ஊரெல்லாம் பெருமை பேசிய நாட்களில், ஒரு பிள்ளை எப்போதோ போயிருந்தான்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க சமையல்கட்டை எங்களுக்குக் குடுத்துட்டு வாசல்ல போய்ப் படுத்துப்பீங்க. அதைப் பார்க்கறதுக்கு பஸ் ஸ்டாண்டே தேவலைன்னு தோணுச்சும்மா."

மேலதிகாரி பேனாவை மூடி வைத்தார். எத்தனை பேர் எங்கெங்கே படுக்கிறார்கள் என்று பையன் எழுதியதை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. கணக்கெடுப்பு செல்லாது, மேட்டு நிலத்தில் ஊர்க்காரர்களுக்கே வீடு கட்டப் பரிந்துரை செய்கிறேன் என்று சொன்னபோது கைதட்ட யாருக்கும் கை வரவில்லை. அவர் நர்ஸைப் பார்த்தார். "உங்க பேரைச் சேர்த்துக்கலாமாம்மா?"

நர்ஸ் மாமியாரைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பார்க்கறே?" என்றார் தலைவரம்மா. குரல் கரகரத்தது. "உனக்கு வாய் இல்லையா? சொல்லு."

"வேணும்," என்றாள் நர்ஸ். சொல்லிவிட்டு அழுதாள். ஜெயித்தவள் அழுவது மாதிரி இல்லை அது.

தலைவரம்மா அதிகாரியிடம் திரும்பினார். "கட்டி முடிக்க எவ்வளவு நாளாகும்?"

"எல்லாம் தடங்கல் இல்லாம நடந்தா ரெண்டு வருஷம்மா."

 தலைவரம்மா மகனின் சட்டைக் கையைப் பிடித்தார். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அதுவரைக்கும் எங்கடா படுப்ப?" என்றார்.